ஒரு மூட்டை இசைத்தட்டு

பழைய இசைத்தட்டு வாங்கப் போகிறவன் பொய் சொல்லாமல் வீடு திரும்ப முடியாது. கடைக்காரரிடம், இது ஓடாதுப்பா, சும்மா சுவத்துல மாட்டத்தான் கேக்கறேன் என்று ஒரு பொய். வீட்டில், சும்மா குடுத்தாங்க, வாங்கிகினு வந்தேன் என்று இன்னொரு பொய். இப்படிச் சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு நன்றாகவே பழகியிருந்தது. அந்தப் பழக்கம் என் தங்கையின் கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் எனக்கு வேலை. உலைக்குப் போடப் பழைய இரும்பு லாரி லாரியாக வந்து இறங்கும். ஒருநாள் அந்தக் குவியலில், சைக்கிள் ரிம்முக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவில், ஒரு ரெகார்டு பிளேயர் தலைகீழாகக் கிடந்தது. கெஞ்சிக் கூத்தாடி அதை வாங்கிவந்தேன். (கேட் பாஸ் போட்டுக் கொடுத்த செக்யூரிட்டி ஆபீசர் இன்றுவரை என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறார்.) பொன்னேரியில் எங்கள் தெரு ரேடியோ மெக்கானிக் அதை ஓடவைத்துக் கொடுத்தார். தட்டு நன்றாகச் சுற்றியது. மேலே வைத்துக் கேட்கத்தான் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குக் கறிக்கடையும் கிடையாது, சலூனும் கிடையாது. எங்கெல்லாம் பழைய சாமான் சந்தை போடுகிறார்களோ அங்கெல்லாம் போய் நிற்பேன்.

சந்தைக்கென்று ஒரு வேஷம் வைத்திருந்தேன். ஆலையில் போட்டுப் போட்டு இரும்புத்தூள் ஏறிய காக்கிச் சட்டை, ரப்பர் செருப்பு, மழிக்காத முகம். நல்ல சட்டையோடு போனால் விலை ஏறிவிடும் என்பது என் கணக்கு. வேண்டிய பொருளை உடனே தொடவும் மாட்டேன். முதலில் அதைச் சுற்றி இருக்கிற எல்லாவற்றையும் மட்டம் தட்டுவேன். மிக்சி ஜாரைத் திட்டி, டேபிள் ஃபேனைத் திட்டி, கடைக்காரர் மனம் வெறுத்துப்போகிற நேரத்தில், போனால் போகிறது என்பதுபோல இசைத்தட்டைக் காலால் சுட்டுவேன். இதைப் பெரிய ராஜதந்திரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

என் தங்கை கவிதாவுக்கும் கும்மிடிப்பூண்டியில்தான் வேலை. ஒரு கெமிக்கல் கம்பெனியின் லேபில் இருந்தாள். தினமும் ரயிலில் போய் வருகிறவளுக்கு அதே ரயிலில் பிரகாஷ் என்று ஒருவர் பழக்கமானார். சொந்த ஊர் திருவள்ளூர். வேலைக்காகப் பொன்னேரியில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். பழக்கம் கல்யாணப் பேச்சு வரைக்கும் வந்தது. அப்பா இல்லாத வீடு. அம்மாவுக்கு இதில் அரை மனதுதான். அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முன்னால், நாம் ஒருமுறை போய் வீடுவாசலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று தாமோதரன் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, முடிவு செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போவதாக ஏற்பாடு.

முதல்நாள் கவிதா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அம்மா எப்படா ஒரு சாக்கு கெடைக்கும்னு பாத்துகினு இருக்குது. நீ அங்க ஒண்ணும் பேச வோணாம். போனமா, காபி குடிச்சமா, வந்தமான்னு இரு. எனக்கு அது போதும்."

நான் அவள் தலையில் தட்டி, கவலைப்படாதே என்றேன். என் கவலை வேறாக இருந்தது. திருவள்ளூரில் ஞாயிறு காலையில் பழைய சாமான் சந்தை உண்டு. அதற்கு நான் போனதே இல்லை.

மற்றவர்கள் காரில் வரட்டும், நான் காலையிலேயே பைக்கில் போய் வழி பார்த்து வைக்கிறேன் என்று என் மனைவி சுமதியிடம் சொன்னேன். அதான் லொகேஷன் அனுப்பியிருக்கிறார்களே, வழியில் பார்க்க என்ன இருக்கிறது என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி. அந்த லொகேஷனை என் போனுக்கும் அனுப்பச் சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. பஸ் ஸ்டாண்டு பக்கம் நிற்கிறேன், அங்கிருந்து கார் பின்னாலேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டு, காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வெள்ளைச் சட்டை வேட்டியை ஒரு பையில் திணித்துக்கொண்டு செங்குன்றம் வழியாகக் கிளம்பினேன்.

சந்தை என்னமோ பெரிய சந்தைதான். தெரு நீளத்துக்கும் தார்ப்பாய் விரித்து ரிமோட், பித்தளைக் குழாய், ஒற்றைக் கால் ஷூ என்று பரப்பியிருந்தார்கள். இசைத்தட்டு மட்டும் இல்லை. ஒரு வயதானவரிடம் ஒன்றே ஒன்று இருந்தது, அதிலும் ஓரம் உடைந்திருந்தது. வெறுத்துப்போய்த் தெருக்கோடிவரை நடந்தேன். கடைசித் தார்ப்பாயைத் தாண்டித் தெரு இடதுபுறம் திரும்புகிற இடத்தில், ஒரு வீட்டு வாசலில் நிறையச் சாமான் வெளியே கிடந்தது. பீரோ, கட்டில், கிரைண்டர், பிரம்பு நாற்காலி, ஒரு பெரிய டிரங்குப் பெட்டி. பக்கத்தில் ஒரு அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் துடைப்பத்தோடு நின்றிருந்தார். வீட்டைக் காலி செய்கிறார்கள், சந்தை நாளாகப் பார்த்துச் சாமானை விற்கிறார்கள் என்று நான் புரிந்துகொண்டேன்.

பிரம்பு நாற்காலியைத் தட்டி, விலை என்ன என்று கேட்டேன். அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"நீ காயலாங்கடையா?"

பழைய இரும்பு, தட்டுமுட்டுச் சாமான் எடுக்கிற கடைக்காரனா என்று கேட்கிறார். என் வேஷம் அவ்வளவு கச்சிதம். பேரத்துக்கு வசதியாக இருக்குமே என்று, "ஆமாம்மா" என்றேன்.

பிறகு வழக்கம்போல வேலையை ஆரம்பித்தேன். நாற்காலி மூட்டைப்பூச்சிக்கு மாளிகை என்றேன். கிரைண்டரை எடுத்துப்போக ஆள்கூலிகூடத் தேறாது என்றேன். பீரோ கதவைத் திறந்து திறந்து மூடிக் காட்டி, இதைக் கண்டுபிடித்தவனே வந்தாலும் சாத்த முடியாது என்றேன். அந்த அம்மா கோபப்படவில்லை. அவரும் பீரோவைக் கவலையோடு பார்த்தார். அதில் எனக்குக் குஷி ஏறிவிட்டது. அந்தக் குஷியில்தான் அதைச் சொன்னேன்.

"இந்த மாதிரி சாமான வெச்சிகினு இருந்தா, இந்த ஊட்டுக்கு எவம்மா பொண்ணு குடுப்பான்?"

அவர் முகம் சட்டென்று மாறியது. துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். பிறகு டிரங்குப் பெட்டியின் மூடியைத் திறந்து, "அப்ப மொதல்ல இத்த எத்துகினு போ" என்றார்.

பெட்டி நிறைய இசைத்தட்டு. நாதஸ்வரம், பழைய படப் பாட்டு, கதாகாலட்சேபம். உறை கிழியாமல், தட்டில் ஒரு கீறல் இல்லாமல், ஒவ்வொன்றும் நேற்று கடையிலிருந்து வந்ததுபோல இருந்தது. பெட்டியோடு தூக்கிக்கொண்டு ஓடலாம்போல இருந்தது. ஆனாலும் பழக்கதோஷம், இதெல்லாம் இப்போது யார் கேட்கிறார்கள், எடைக்குப் போட்டால்கூட ஒன்றும் வராது என்று முனகிக்கொண்டே ஒரு தட்டை உருவி வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். நான் கேட்டது அநியாய விலை. அவர் மறுபேச்சு பேசவில்லை.

"இன்னாவோ குடு. எங்கூட்டுக்காரரு வர்றதுக்குள்ள எத்துகினு போயிடு, அது போதும்."

இந்த வார்த்தையைக் கேட்ட எந்த நல்ல மனிதனும் அந்த இடத்திலேயே நின்று யோசித்திருப்பான். நான் கையோடு கொண்டுபோயிருந்த கோணிப்பையை விரித்தேன்.

மூட்டையைப் பைக்கின் பின்சீட்டில் கட்டிக்கொண்டு, ஒரு பெட்ரோல் பங்க் குளியலறையில் முகம் மழித்து, வெள்ளைச் சட்டை, வேட்டி, நெற்றியில் விபூதி என்று ஆளே மாறினேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்று ஒரு டீயும் குடித்தேன். அன்றைக்கு என்னைவிட சந்தோஷமான மனிதன் திருவள்ளூர் ஜில்லாவிலேயே இருந்திருக்க மாட்டான்.

கார் வந்தது. பின்னாலேயே போனேன். கார் ஒரு தெருவுக்குள் நுழைந்தபோது தார்ப்பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அட, சந்தைத் தெரு வழியாகப் போகிறார்களே என்று நினைத்தேன். கார் தெருக்கோடிவரை போனது. வேறு எங்காவது போகும் என்று நினைத்தேன். கார் இடதுபுறம் திரும்பியது. அதற்குப் பிறகு நான் எதுவும் நினைக்கவில்லை. கார் நின்றது.

வாசலில் சாமான் எதுவும் இல்லை. கழுவிக் கோலம் போட்டிருந்தது. சுவரில் புதுச் சுண்ணாம்பு வாசனை. பெயின்டர் இழுத்தடித்து முந்தின நாள்தான் வேலையை முடித்தாராம். அதனால்தான் காலையில் எல்லாச் சாமானையும் வெளியே வைத்து வீட்டைக் கழுவினார்களாம். எல்லாம் நாங்கள் வருகிறோம் என்பதற்காக.

பைக்கைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டுத் தலையைக் குனிந்தபடி உள்ளே போய், மாமாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை பிரகாஷ், நல்ல அடக்கமான பிள்ளை, எதிரில் உட்கார்ந்திருந்தார். அவர் அப்பா ஏகாம்பரம், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லாரையும் வாய் நிறைய விசாரித்தார். காலையில் அப்பாவும் பிள்ளையும் வாழைப்பழம், ஸ்வீட் வாங்கப் போயிருந்தார்களாம். சமையலறையிலிருந்து பிரகாஷின் அம்மா காபித் தட்டோடு வந்தார். பட்டுப்புடவை கட்டியிருந்தார். அவர்தான்.

எல்லாருக்கும் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். குனிந்தார். முதலில் என் விபூதியைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். (வேஷம் எல்லாம் மாற்றியவன் ரப்பர் செருப்புக்கு மாற்று கொண்டுவர மறந்திருந்தேன். அதை வாசலில் விட்டுவிட்டாலும் கால் விரலிடுக்கில் இரும்புத்தூள் அப்படியே இருந்தது.) காபியை நீட்டினார். மெல்லிய குரலில், மிக மரியாதையாகக் கேட்டார்.

"இந்த ஊட்டுக்குப் பொண்ணு குடுப்பீங்களா, தம்பி?"

"அதுக்குத்தானம்மா வந்துகிறோம்" என்று தாமோதரன் மாமா முந்திக்கொண்டு பதில் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் அந்த அம்மாவும் சிரிக்கவில்லை.

ஆனால் அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லாமல் போய் நின்றுகொண்டார். சொன்னால் கணவரிடம் அவர் மாட்டிக்கொள்வார். நான் சொன்னால் நான் மாட்டிக்கொள்வேன். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் கவிதாவின் கல்யாணம் நடந்துவிடும். மூட்டையைப் பிறகு எப்படியாவது திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நான் மூச்சு விட்டேன். அந்த நேரம் பார்த்து மாமாவுக்கு என்னைப் பற்றிப் பெருமையாக நாலு வார்த்தை சொல்லவேண்டும் என்று தோன்றிவிட்டது.

"எங்க முரளிக்குக் கெட்ட பழக்கம் ஒண்ணும் கெடையாது. பழைய ரெகார்டுன்னா மட்டும் உசுரு. எங்க இருந்தாலும் மோப்பம் புடிச்சி வாங்கியாந்துருவான்."

ஏகாம்பரம் அப்படியே எழுந்து நின்றுவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வீட்டில் தன் பாட்டைக் கேட்க ஆளில்லாமல் பல வருடம் இருந்த மனிதரின் முகம் அது. எனக்கு அந்த முகம் தெரியும், தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன். ஒரு நிமிஷம் இருங்க என்று உள்ளே போய், டிரங்குப் பெட்டியைத் தரதரவென்று இழுத்துவந்து கூடத்தின் நடுவில் வைத்தார். வயசுப் பிள்ளையாக இருந்தபோது முதல் சம்பளத்திலிருந்து சேர்த்தது, யாரையும் தொட விடமாட்டேன், தம்பி பார்க்கட்டும் என்று சொல்லி மூடியைத் திறந்தார்.

உள்ளே அழகாக மடித்த பெட்ஷீட்டுகள் இருந்தன.

"இன்னா இது?" என்றார் மனைவியைப் பார்த்து.

"பெட்ஷீட்டு" என்றார் அந்த அம்மா.

"அது தெரியுது. என் ரெகார்டு எங்க?"

பரண் மேல இருக்கும் என்று அவர் சொன்னார். பிரகாஷ் ஸ்டூல் போட்டு ஏறி, டார்ச் அடித்துத் தேடினார். ஏகாம்பரம் கீழே நின்றுகொண்டு, அந்தப் பக்கம் பாரு, மூலையில் பாரு என்று சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. என்னால் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை. போன் வருவதாகப் பொய் சொல்லிவிட்டுத் தெருமுனைக்கு ஓடினேன். அங்கே எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை வராமலே இருந்திருக்கலாம்.

மூட்டைக்குள் கைவிட்டு, கைக்கு வந்த சில தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வழக்கமாக வாங்குகிறவன்தானே நான், பரிசாகக் கொடுத்தால் அவர் மனம் ஆறும், மீதியை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சேர்த்துவிடலாம் என்பது திட்டம்.

"மாமா, உங்களுக்குப் பாட்டுன்னா இஷ்டம்னு கவிதா சொல்லிச்சு. என்னால முடிஞ்சது, ஒரு சின்ன பரிசு."

எப்ப வாங்கினீங்க என்று சுமதி கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது. நான் அவளைப் பார்க்கவில்லை. ஏகாம்பரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். "அட, இது என்கிட்டயும் இருக்குது" என்றார் மகிழ்ச்சியாக. அடுத்தது. "இதுவும் இருக்குது." மூன்றாவதைப் பார்த்துவிட்டுத் தாமோதரன் மாமாவிடம், "தம்பி டேஸ்டும் என் டேஸ்டும் அப்படியே ஒண்ணுங்க" என்றார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு அவர் அதைத் திருப்பினார்.

நான் தட்டை வெயிலில் சாய்த்துக் கீறல் பார்த்தேனே தவிர, உறையின் பின்பக்கம் பார்க்கவே இல்லை. பின்பக்கம் நீல மையில், கண்டக்டர் கையெழுத்தில், மு. ஏகாம்பரம், திருவள்ளூர் என்று எழுதியிருந்தது. அடுத்ததைத் திருப்பினார். அதிலும் மு. ஏகாம்பரம். இந்த ஊரில் இன்னொரு மு. ஏகாம்பரம் இருக்கக்கூடாதா என்று நான் மனதார வேண்டிக்கொண்டேன்.

அவர் கத்தவில்லை. தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அந்த அம்மாதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்து, காலையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மூட்டைப்பூச்சி மாளிகை, ஆள்கூலி தேறாத கிரைண்டர், பீரோவைக் கண்டுபிடித்தவன் என்று நான் சொன்னதை என் குரலிலேயே சொன்னார். கடைசியில், இந்த வீட்டுக்கு எவன் பெண் கொடுப்பான் என்று நான் கேட்டதையும் சொன்னார். என் அம்மா என்னைப் பார்த்த பார்வையில், பெற்றதற்காக வருத்தப்படுவது தெரிந்தது. சாக்கு தேடிக்கொண்டிருந்தவருக்கு நானே தேடிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்தச் சாக்கை எந்தப் பக்கம் பயன்படுத்துவது என்று அவருக்கும் விளங்கவில்லை.

"அவன் ஆயிரம் சொல்லட்டும். நீ ஏன் குடுத்தே?" என்று ஏகாம்பரம் மனைவியைக் கேட்டார்.

அந்த அம்மாவுக்கு அப்போதுதான் கண் கலங்கியது.

"வேற இன்னா பண்றது? இருக்கறது ஒரு ரூமு. வர்ற பொண்ணு தன் துணிமணிய எங்க வைக்கும்? பெட்டி இருக்கற எடத்துல ஒரு நல்ல பீரோ வாங்கிப் போடணும்னு எத்தினி நாளா கேக்கறேன். அந்தாளு சொன்னதும் எனக்குப் பக்குனு ஆயிட்ச்சி."

ஸ்டூல் மேல் டார்ச்சோடு நின்றிருந்த பிரகாஷுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் பரணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு தாமோதரன் மாமா. நான் எதிர்பாராத விதமாக என் அம்மா எழுந்து போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னும் வராத பெண்ணுக்கு இடம் பண்ணுகிற மாமியாரைத் தான் பார்த்ததில்லை என்றும், பையனைப் பற்றி இனி விசாரிக்க ஒன்றுமில்லை என்றும் சொன்னார். நிச்சயத் தட்டு மாற்றிக்கொள்ள நாள் பார்க்கலாம் என்று அங்கேயே பேச்சானது.

ஏகாம்பரம் மட்டும் சிரிக்கவில்லை. மீதி எங்கே என்று கேட்டார். நான் போய் மூட்டையைத் தூக்கிவந்தேன். வெள்ளை வேட்டியில், தோளில் கோணிப்பையோடு நான் அந்த வாசலில் நுழைந்ததைச் சுமதி போனில் எடுத்துக்கொண்டாள். அவர் ஒவ்வொன்றாக எடுத்து, உறையைத் துடைத்து, பெட்ஷீட்டை வெளியே போட்டுவிட்டு உள்ளே அடுக்கினார். நான் எடுத்துக் கொடுத்தேன். பாதியில் ஒரு நாதஸ்வரத் தட்டு வந்தபோது என்னை நிமிர்ந்து பார்த்து, இதைக் கேட்டிருக்கியா என்றார். இல்லை என்றேன். "அப்ப அட்த்த வாரம் வா. மூட்டை இல்லாம வா" என்றார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அந்தப் பழைய பீரோவைப் பிரகாஷின் அம்மா, இப்போது எனக்கு அத்தை, அடுத்த ஞாயிறே சந்தையில் விற்றுவிட்டார். புதுப் பீரோ கட்டிலை ஒட்டி நிற்கிறது, டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. காலையில் நான் கொடுத்த பணத்தை அத்தை இன்றுவரை திருப்பித் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை, கேட்கிற நிலையிலும் இல்லை. ஏகாம்பரம் மாமாவும் நானும் இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு சேர்ந்தே சந்தைக்குப் போகிறோம். பேரம் அவர் பேசுவார். நான் வாயைத் திறக்கக்கூடாது என்பது ஒப்பந்தம்.

கவிதா என்னோடு சில வாரம் பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது எனக்கு ஒரு பெயர் வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள். அந்தப் பெயர் இரண்டு வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து, பெயர் வைக்கிற அன்று நான் தூக்கக் கை நீட்டியபோது, ஏகாம்பரம் மாமா தொட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இது விக்கறதுக்கு இல்ல என்று சபை நடுவில் சொன்னார்.

அந்தக் குழந்தை இப்போது நன்றாகப் பேசுகிறது. போன வாரம் போயிருந்தேன். என்னைப் பார்த்ததும் வாசலில் கிடந்த தன் மூன்று சக்கர சைக்கிளை முதலில் உள்ளே இழுத்துவைத்தது. அதற்குப் பிறகுதான் குரல் கொடுத்தது.

"தாத்தா, காயலாங்கடை மாமா வந்துகிறாரு."